வண்டிக்கு ஐந்து சக்கரம்: டயரும் காற்றும் பற்றி ஒரு பாடம்



இம்முறை பாடம் வண்டி டயரைப் பற்றியது. "எங்களுக்கு ஏதுங்க ஐயா காரும் வானும்?" என்று சிலர் கேட்பீர்கள். ஆனால் இன்று பல லயங்களின் ஓரத்தில் முச்சக்கர வண்டி நிற்கிறது. நம் பிள்ளைகள் வானில் ஏறிப் பாடசாலைக்குப் போகிறார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதே வண்டிதான். ஆகவே ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, ஏறிப் போகிற எல்லோருக்கும் இந்தப் பாடம் தேவை.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

2016 ஆம் ஆண்டு, ஜூலை மாதத்து மழை. இரவு பதினொரு மணிக்கு ஒரு தங்கச்சிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. தோட்டத்து வண்டி வேறு வேலையாகப் போயிருந்தது. பக்கத்து லயத்துத் தம்பி ஒருவரின் வானைப் பிடித்துப் புறப்பட்டோம். மூன்றாவது முடக்கில் பின் டயர் பஞ்சர். "பயப்படாதீங்க ஐயா, ஸ்பெயார் வீல் இருக்கு, பத்து நிமிஷத்துல மாத்திடுறேன்" என்றார் தம்பி. மாற்றவும் செய்தார். ஜக்கை இறக்கியதும் அந்தச் சக்கரமும் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. உள்ளே காற்றே இல்லை.

"இதுக்கு எப்போ தம்பி காத்துப் பார்த்தீங்க?"

"வான் வாங்கின நாள்ல இருந்து பார்க்கவே இல்லீங்க ஐயா."

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த முடக்கில் நின்றோம். உள்ளே அந்தப் பிள்ளை வலியில் துடிக்க, அவளுடைய அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மரக்கறி ஏற்றிப் போன லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். தாயும் சேயும் பிழைத்தார்கள். அந்தப் பெண் பிள்ளை இப்போது பாடசாலைக்குப் போகிறாள்.

நான் அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அதே வானில் எத்தனையோ தடவை ஏறிப் போன நானும் ஒரு நாளாவது குனிந்து டயரைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்துதான் பட்டணத்தில் டயர் கடை நானாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் படித்துக்கொண்டேன்.

1. வண்டியைத் தாங்குவது எது?

இறப்பர் என்று சொல்வீர்கள். இல்லை. தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. இறப்பரும் அதற்குள் இருக்கும் நூல், கம்பிப் பின்னலும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை மாதிரி.

நம் நாட்டுக்கும் டயருக்கும் பழைய உறவு உண்டு. 1876 இல் இறப்பர் கன்றுகள் கம்பஹாவுக்குப் பக்கத்தில் உள்ள ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1888 இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜோன் பொய்ட் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று அடைத்த டயர் செய்து பூட்டினார். அதன் பிறகு வண்டிகள் பெருகப் பெருக இறப்பருக்குக் கிராக்கி ஏறியது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் விடியற்காலையில் பால் வெட்டும் நம் சொந்தங்களின் உழைப்பு உலகத்து டயர்களில் இருக்கிறது.

ஒரு டயர் தரையில் படுகிற இடம் ஏறக்குறைய ஒரு கை அகலம்தான். அந்த நான்கு கை அகலத்தை நம்பித்தான் இத்தனை உயிரும் பள்ளத்தின் ஓரமாகப் போகிறது.

2. காற்று எவ்வளவு வேண்டும்?

டயர் கடையில் "30 பவுண் அடிங்க" என்பார்கள். இது நகைப் பவுண் அல்ல. ஒரு சதுர அங்குல இடத்தில் எத்தனை இறாத்தல் அழுத்தம் என்பதே கணக்கு. பெரும்பாலான கார்களுக்கு 28 முதல் 36 வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது சாரதியின் கதவுப் பக்கத்தில் ஒட்டியுள்ள தாளில் அல்லது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் வேறு வேறு அளவு இருக்கலாம். பாரம் கூடினால் அளவும் கூடலாம்.

டயரின் பக்கவாட்டிலும் ஒரு எண் அடித்திருக்கும். பலர் அதைப் பார்த்து அடிக்கிறார்கள். இது தவறு. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அதுவல்ல.

காற்றுக் குறைந்தால்: டயரின் இரண்டு ஓரமும் தேயும். பக்கச்சுவர் மடிந்து மடிந்து நிமிரும், உள்ளே சூடு ஏறும், கடைசியில் வெடிக்கும். எண்ணெய்யும் கூடச் செலவாகும்.

காற்றுக் கூடினால்: நடுப்பகுதி மட்டும் தேயும். தரையைப் பிடிக்கும் இடம் குறையும். மழையில் வழுக்கும். குழியில் விழுந்தால் டயர் சீக்கிரம் அடிபடும்.

நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண் தானாகக் குறையும். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை, வண்டி ஓடுவதற்கு முன் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிய டயர் சூடாகி மூன்று நான்கு பவுண் கூட்டிக் காட்டும். அப்போது "கூடிப் போச்சு" என்று காற்றை விட்டுவிடாதீர்கள். ஆறியதும் குறைந்து போகும்.

"காற்று அடிக்கிற இடம் பட்டணத்தில்தானே, போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடுமே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வழி உண்டு. சிறிய கேஜ் ஒன்று வாங்கி வீட்டிலேயே காலையில் அளந்து எழுதுங்கள். வேண்டியது 32, இருப்பது 28 என்றால் குறைவு 4. பட்டணம் போனதும் மறுபடி அளந்தால் 31 காட்டுகிறது என்று வைப்போம். 31 உடன் 4 சேர்த்து 35 அடியுங்கள். காலையில் ஆறியதும் சரியாக 32 இல் நிற்கும்.

ஐந்தாவது சக்கரத்தை மறக்காதீர்கள். ஸ்பெயார் வீலுக்கும் அதே நாளில் காற்றுப் பாருங்கள்.

3. கண்ணால் பார்க்க வேண்டியவை

தேய்வு: டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். சாதாரணமாக இவை 1.6 மில்லிமீற்றர் உயரம். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மொட்டை டயர் ஈரத்தில் பிடிக்காது. மழையும் மிஸ்ட்டும் உள்ள நம் ரோட்டில் அதுவரை பொறுக்காமல் முன்கூட்டியே மாற்றுவது நல்லது.

வீக்கம்: பக்கச்சுவரில் கொப்புளம் போல் புடைத்திருந்தால் உள்ளே பின்னல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். தோட்டத்து ரோட்டில் கல்லிலோ கானின் கொங்கிரீட் விளிம்பிலோ மோதினால் இப்படி ஆகும். இதை ஒட்ட முடியாது. அந்த டயரில் ஒரு பயணமும் போகக் கூடாது.

ஒரு பக்கத் தேய்வு: ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக இல்லை. டயரை மாற்றினால் மட்டும் போதாது. நேர் பார்த்துத் திருத்த வேண்டும்.

ஆணி, கல்: ஆணி தெரிந்தால் வழியில் நின்று பிடுங்காதீர்கள். காற்று நிற்கிற வரை மெதுவாகக் கடைக்குக் கொண்டு போங்கள். தரையில் படும் பாகத்தில் உள்ள சிறு ஓட்டையை ஒட்டலாம். பக்கச்சுவர் ஓட்டையை ஒட்டக் கூடாது.

4. பாவித்த டயர் வாங்கும்போது

2020 இல் வாகன இறக்குமதியும் டயர் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டன. 2022 நெருக்கடியில் விலை இன்னும் ஏறியது. பலர் பாவித்த டயரைத் தேடிப் போனார்கள். அந்தப் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. கையில் காசு இல்லாதவரை நான் ஏச மாட்டேன். ஆனால் பார்த்து வாங்குங்கள்.

பக்கச்சுவரில் நான்கு எண்கள் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயரை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். பத்து வருடம் தாண்டியதைப் புதிது போல் தெரிந்தாலும் தொட வேண்டாம். கறுப்பு மை பூசிப் பளபளக்க வைத்திருந்தால் கையால் தேய்த்து, மடக்கி, வெடிப்பு உண்டா என்று பாருங்கள். உள்பக்கத்தில் பழைய ஒட்டுகளையும் எண்ணுங்கள். அளவு எழுத்துகள் உங்கள் பழைய டயரோடு ஒத்திருக்க வேண்டும். ஒரே அச்சில் இரண்டு விதமான டயர் பூட்டக் கூடாது.

5. சக்கரம் மாற்றும் முறை

மலைப் பாதையில் பஞ்சர் ஆனால் சரிவிலேயே ஜக் அடிக்காதீர்கள். மெதுவாக உருட்டிச் சமமான இடத்துக்குக் கொண்டு போங்கள். அந்த டயர் கெட்டுப் போனாலும் பரவாயில்லை. டயரை வாங்கலாம், ஆளை வாங்க முடியாது.

முதலில் எல்லோரையும் இறக்கி ரோட்டை விட்டு ஓரமாக, மலைப் பக்கம் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, முதலாம் கியரில் விட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு புத்தகத்தில் காட்டிய இடத்தில் ஜக்கை வைத்து உயர்த்துங்கள். ஜக்கின் அடியில் செங்கல் வைக்காதீர்கள், அது நொறுங்கும். ஈரமண் என்றால் கனமான பலகை வையுங்கள். வண்டியின் அடியில் தலையோ காலோ போகக் கூடாது. மாற்றப் போகும் சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வைத்தால், ஜக் சரிந்தாலும் அது கொஞ்சம் தாங்கும்.

நட்டின் ஒரு முனை கூம்பாக இருந்தால் அந்த முனை ரிம்மின் பக்கம் இருக்க வேண்டும். கையால் எல்லா நட்டையும் பூட்டுங்கள். பிறகு ஒன்றுக்கு எதிரே இருப்பதை மாற்றி மாற்றி இறுக்குங்கள். வட்டமாக வரிசையில் இறுக்கினால் சக்கரம் சரிவாக உட்காரும். வண்டியை இறக்கிய பின் கடைசி இறுக்கு. ஸ்பானர் மேல் ஏறிக் குதிக்க வேண்டாம், போல்ட் அறுந்துவிடும். எண்ணெய், கிரீஸ் தடவவும் வேண்டாம். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி இறுக்கம் பாருங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்.

6. டயர் பூட்டுவது கடைக்காரர் வேலை

ரிம்மில் டயர் ஏற்றுவதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கடையில் செய்யும்போதும் சிலவற்றைக் கவனியுங்கள். டயரின் அளவும் ரிம்மின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். விளிம்பில் சவர்க்கார நீர் தடவலாம். கிரீஸும் பெற்றோலும் கூடாது. டயர் ரிம்மில் உட்காரவில்லை என்று காற்றை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. கார் டயருக்கு 40 பவுணில் உட்காரவில்லை என்றால் காற்றை விட்டு, திரும்பச் சரி பார்க்க வேண்டும். காற்று அடிக்கும்போது டயரின் மேல் குனிந்து நிற்கக் கூடாது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே கூடாது.

முச்சக்கர வண்டி வைத்திருக்கும் தம்பிமார் நன்றாகக் கேளுங்கள். இரண்டு பாதியாக நட்டுப் போட்டு இணைத்த ரிம் உண்டு. சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் இரண்டு பாதியையும் பிடிக்கும் நட்டுகள் வேறு. உள்ளே காற்று இருக்கும்போது இரண்டாவது வகை நட்டைக் கழற்றினால் ரிம் பிரிந்து முகத்தில் அடிக்கும். வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் போன பிறகே அதில் கை வைக்க வேண்டும். வளையம் போட்ட லொறி ரிம்முக்கும் இதே ஆபத்து, இன்னும் பெரிய அளவில் உண்டு. அதைப் பழகிய ஆள், இரும்புக் கூட்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும்.

7. ஓடும்போது டயர் வெடித்தால்

பிரேக்கைப் பட்டென்று மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, எக்சிலேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் குறைந்த பின் ஓரம் கட்டுங்கள்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லிப் பாருங்கள்:

(1) காற்றை எப்போது அளக்க வேண்டும்? ஏன்?
(2) பக்கச்சுவரில் கொப்புளம் இருந்தால் என்ன செய்வீர்கள்?
(3) நட்டுகளை எந்த வரிசையில் இறுக்க வேண்டும்?
(4) உங்கள் பிள்ளை போகும் வானின் ஸ்பெயார் வீலுக்குக் கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தார்கள்?

நான்காவது கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்காது. நாளைக் காலையில் சாரதித் தம்பியிடம் கேளுங்கள். கோபமாக அல்ல, "தம்பி, அஞ்சாவது வீலுக்குக் காத்து இருக்கா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தாய்மார் நாலு பேர் கேட்டால் அவரும் கட்டாயம் பார்ப்பார்.

ஒரு கடைசி வார்த்தை. கழித்த டயரை லயத்துக்குப் பின்னால் போடாதீர்கள். அதில் தேங்கும் மழை நீரில் டெங்கு நுளம்பு பெருகும். எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை கெட்டது. டயர் மாற்றும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வாரத்துக்கு ஒரு காலை, ஐந்து நிமிடம், ஐந்து சக்கரம். இதைப் பழக்கமாக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்