அம்பா பாட்டுக்கு வரும் கண்ணீர்

கேள்வி: என் வயது 54. அப்பா கரைவலை இழுத்தவர். சிறுவயதில், ஆட்களோடு அவர் அம்பா பாடி இழுப்பதைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பேன். போன மாதம் தங்கை மகன் செல்போனில் ஓர் அம்பாவைப் போட்டான். அழுகையை அடக்கவே முடியவில்லை. அம்மாவின் அடக்கப் பூசைப் பாட்டுக்குக்கூட நான் அழவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? இது மனநோயின் தொடக்கமா?
- எம்.ஆர்., பெரியதாழை

பதில்: இரண்டும் இல்லை அம்மா. பயப்படாதீர்கள்.

கோயில் பாட்டை வாரம் தவறாமல் கேட்கிறீர்கள். திருவிழா, கல்யாணம், அடக்கம், சாதாரண ஞாயிறு என்று எத்தனையோ நாள்கள் அதில் படிந்துவிட்டன. அதைக் கேட்டதும் எந்த ஒரு நாளும் தனித்து எழுந்து வராது. அம்பா அப்படியல்ல. வள்ளங்களுக்கு எந்திரம் வந்து, கரைவலையும் குறைந்த பிறகு அது உங்கள் காதில் விழவே இல்லை. இடைப்பட்ட காலத்தின் எந்த நினைவும் அதில் ஒட்டவில்லை. அதனால்தான் நேரே அப்பாவிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

பழைய நினைவைக் கிளப்பும் பாட்டைக் கேட்கும்போது, நடு முன்மூளைப் புறணி (நெற்றிக்குப் பின்னால், ‘நான்’ என்ற உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதி) கூடுதலாக இயங்குகிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மூளை ஆய்வாளர் பெட்ர் ஜனாட்டா 2009இல் இதை மூளைப்படங்களில் காட்டினார்.

அம்பாவுக்கு இன்னொரு வலுவும் உண்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடி ஒரே மூச்சில் இழுப்பார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்ஸ்போர்டு துடுப்புப் படகு வீரர்கள் தனியே பயிற்சி செய்தபோதைவிடச் சேர்ந்து செய்தபோது அதிக வலியைத் தாங்கினார்கள். எண்டார்ஃபின் (உடலே சுரக்கும் வலிநீக்கி) இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் அப்பாவின் கூட்டத்துக்கு அம்பா ஒரு கருவி; வலையும் கயிறும் போல அவசியமானது. அந்த உழைப்பையும் ஒற்றுமையையும் கண்ணால் பார்த்தவர் நீங்கள். வெளியூர்க்காரர் ஒருவருக்கு அதே பாட்டு வெறும் தாளமாகவே கேட்கும்.

அடக்கத்தன்று வீட்டுப் பெண்ணுக்கு ஓயாத வேலை. அழுகை அன்று வராமல் பிறகு வேறொரு வாசல் வழியாக வருவதை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கான கண்ணீரும் இதில் கலந்திருக்கலாம். விசுவாசத்தை இதைக்கொண்டு அளக்க வேண்டாம். ஒருவர் சொல்ல மற்றவர்கள் வாங்கிச் சொல்லும் அம்பாவின் முறை விசுவாசத்துக்கு அந்நியமும் அல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரும், தாம் சொல்ல மக்களைக் கூட்டமாகத் திருப்பிச் சொல்லவைத்துத்தான் செபங்களைக் கற்பித்தார்.

அந்தப் பாட்டை ஒதுக்காதீர்கள். தனியாக இருக்கும்போது கேட்காமல், தங்கையோடு உட்கார்ந்து கேளுங்கள். அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். அழுகை வந்தால் வரட்டும். ஆனால் பாட்டே இல்லாத நேரத்திலும் துக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமோ பசியோ கெட்டால், வாழவே பிடிக்காமல் போனால் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் இலவச மனநல உதவி) தமிழிலேயே பேசலாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அம்பா தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் பாடுவதை ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டு இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்த வேலைக்கு எந்தப் பாட்டு என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள்.