மேற்கண்மாயும் கீழ்க்கண்மாயும்: மரபுரிமம் பற்றி ஒரு பாடம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி என்பதை நம் கலாசாலையில் அறியாதார் இலர். திருச்சுழியை அடுத்துச் செல்லும் குண்டாறும் ஆண்டிற் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழையைத் தேக்கிப் பயிர் செய்தற்கு நம் முன்னோர் கண்ட வழி கண்மாய். மேற்கண்மாய் நிரம்பியதும் மிகுநீர் கலுங்கின் வழியே மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாயைச் சேரும். மேலூரார் தம் வயல்களுக்குள் எந்த வாய்க்காலை எப்படி வெட்டினும் அஃது அவர் காரியம். கலுங்கின் உயரமோ அவர்க்கு மட்டும் உரியதன்று. இரவோடிரவாக அதன்மேற் கற்களை அடுக்கி ஒரு முழம் உயர்த்துவாராயின், கீழூரார் பயிர் காயும். பெருமழை பெய்யின் மேலூரார் கரையே உடையினும் உடையும். கலுங்கு என்பது மேலூரார் கீழூரார்க்குக் கொடுத்த வாக்கு.

பொருள்நோக்கு நிரலாக்கம் பயிலும் மாணவர் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். பலர்க்கும் பயன்படும்பொருட்டு ஒருவர் எழுதிவைக்கும் நிரல்தொகுதியை லைப்ரரி என்கிறோம். அதிலுள்ள ஓர் இனக்குழுவை, அதாவது கிளாஸை, அடிப்படையாகக் கொண்டு, வேறொருவர் சிலவற்றைச் சேர்த்தும் சிலவற்றை மாற்றியும் புதியதோர் இனக்குழுவை ஆக்கிக்கொள்ளலாம். இதுவே மரபுரிமம். நார்வே நாட்டு ஓஸ்லோ நகரில் டால், நிகார்ட் என்னும் அறிஞர் இருவர் 1967-இல் வகுத்த சிமுலா 67 என்ற மொழியிலேயே இது காணப்படுகிறது. தாய் இனக்குழு மேற்கண்மாய். சேய் இனக்குழு கீழ்க்கண்மாய். இவ்விரண்டிற்கும் இடையே கலுங்கு எங்கே உளது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

ஓர் உதாரணம் கொள்வோம். அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் சங்கம் நெய்து வரும் சேலைகளைக் கணினியிற் பதிவுசெய்து, எண்ணிக்கைப்படி கூலி கொடுக்கிறது என்க. நிரல் எழுதுபவர் ஜாவா மொழியின் ஹாஷ்செட் என்னும் இனக்குழுவை எடுத்துக்கொள்கிறார். அதற்கு வாயில்கள் இரண்டு: ஒன்றைச் சேர்ப்பது, பலவற்றை ஒருங்கே சேர்ப்பது. இவர் தம் சேய் இனக்குழுவில் இரு வாயில்களிலும் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுப் பின்னர் வேலையைத் தாயிடம் ஒப்படைக்கிறார். மூன்று சேலைகளை ஒருங்கே பதிகிறார். எண்ணிக்கையோ ஆறு எனக் காட்டுகிறது!

காரணம் யாது? தாயானது பலவற்றைச் சேர்க்கும்போது, உள்ளே ஒவ்வொன்றற்கும் ஒன்றைச் சேர்க்கும் வாயிலையே அழைக்கிறது. அவ்வாயிலைச் சேய் மாற்றி எழுதியிருத்தலின், அழைப்பு சேயிடமே திரும்பி வருகிறது. ஆகவே ஒவ்வொரு சேலையும் இருமுறை எண்ணப்படுகிறது. ஜாஷுவா பிளாக் என்பவர் 2001-இல் வெளிவந்த ‘எபெக்டிவ் ஜாவா’ என்னும் நூலில் இவ்வகைப் பிழையை விளக்கியிருக்கிறார்.

பலவற்றைச் சேர்க்கும் வாயிலில் எண்ணுவதை நீக்கிவிட்டால் கணக்கு இன்று சரியாகும். ஆயின் நாளை லைப்ரரியை ஆக்கியோர், விரைவு கருதித் தம் உள்வேலையை மாற்றி, சேலைகளை நேரே உள்ளே வைப்பாராயின், ஆறு காட்டிய இடத்தில் அப்பொழுது சுழியம் நிற்கும். மூன்று சேலை நெய்தவர்க்குக் கூலி இல்லை. குற்றம் யாருடையது? ஆக்கியோர் தம் உள்வாய்க்காலைத் திருத்தினார், அவ்வளவே. சங்கத்து நிரலாளரோ அதனைக் கலுங்கு என்று நம்பினார். எது வாய்க்கால், எது கலுங்கு என்று வரையறுக்காமையே குற்றம்.

ஊகித்து அறியலாமே எனின், அதுவும் இயலாது. பைத்தான் மொழியின் டிக்ட் என்னும் இனக்குழு இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஒன்றை வைக்கும் வாயிலைச் சேய் மாற்றி எழுதினாலும், பலவற்றை ஒருங்கே புதுப்பிக்கும் வாயில் அதனை அழைப்பதில்லை. யூசர்டிக்ட் என்னும் மற்றோர் இனக்குழு அம்மொழியில் உண்டு. அதனை அடிப்படையாகக் கொள்ளின் சேயின் மாற்றம் செல்லும்.

இனி, லைப்ரரி எழுதப் புகுவோர் கடைப்பிடிக்கத் தக்கன சில கூறுவோம். முதலாவது, சேய்கள் மாற்றுதற்குரிய இடங்கள் இவை எனத் தேர்ந்து, அவற்றை மட்டும் திறந்துவைத்து ஏனையவற்றை மூடுக. ஜாவாவில் மூட விரும்புவோர் ஃபைனல் என்று எழுதவேண்டும். கோட்லின் மொழியிலோ யாவும் மூடியே இருக்கும், திறக்க விரும்புவோரே ஓப்பன் என்று எழுதவேண்டும். இரண்டாவது, திறந்த வாயில்கள் ஒன்றையொன்று உள்ளே அழையாதிருத்தல் நன்று. இரண்டற்கும் பொதுவான வேலையைச் சேய்க்கு எட்டாத தனிச் செயற்கூறு ஒன்றில் அமைத்து இரண்டும் அதனையே அழைக்குமாயின், நம் சேலைக் கணக்கு மூன்றாகவே நிற்கும். அழைத்தே தீரவேண்டுமாயின், எது எதனை அழைக்கும் என்பதை விளக்கத்தில் எழுதுக. எழுதிய பின் அது வாக்கு, மாற்றலாகாது.

மூன்றாவது, பொருளைப் பிறப்பிக்கும் ஆக்கியினுள், சேய் மாற்றக்கூடிய செயற்கூற்றை அழைத்தல் கூடாது. ஜாவாவிலே தாயின் ஆக்கி முன்னும் சேயின் ஆக்கி பின்னும் ஓடும். ஆகவே அவ்வழைப்பு, தனக்கு வேண்டியன எவையும் அமையாத நிலையில் சேயைச் சென்று சேரும். கரை கட்டி முடியாத கண்மாய்க்குள் தண்ணீரைத் திறந்துவிட்டது போலாம். நான்காவது, வெளியிடுமுன் மூன்று சேய்களையேனும் எழுதிப் பார்க்க. அவற்றுள் ஒன்றையாவது பிறர் எழுதுக. திறந்துவைக்க மறந்த இடம் அப்பொழுதே தெரியும்.

சேய் எழுதுவோர்க்கும் கடமை உண்டு. தாயை எதிர்பார்க்கும் இடத்திற் சேயை வைத்தால் எவர்க்கும் ஏமாற்றம் நேரலாகாது என்னும் கருத்தை பார்பரா லிஸ்கோவ் அம்மையார் 1987-இல் எடுத்துரைத்தார். அவ்வாறு இருக்க இயலாதெனின் மரபுரிமமே வேண்டா. மேற்கண்மாயை நம்பாது ஊரார் தமக்கென ஊருணி வெட்டிக்கொள்வது போல, அந்த ஹாஷ்செட்டைத் தம் இனக்குழுவின் உள்ளே ஒரு பொருளாக வைத்துக்கொண்டு, அதன் வாயில்களை வெளியிலிருந்தே பயன்படுத்தலாம். அப்பொழுது உள்ளே எது எதனை அழைப்பினும் சங்கத்துக் கணக்குப் பிழையாது.

மாணவர்காள்! நீவிர் எழுதும் இனக்குழுவைப் பின்னாளில் யார் எடுத்தாளுவர் என்பதை நீவிர் அறியீர். மேலூரார் கீழூராரின் ஒவ்வொரு வயலையும் கண்டவர் அல்லர். எனினும் கலுங்கின் மட்டத்தைக் காத்து நிற்பர். திறக்கத் தக்கதைத் திறந்து, மூடத் தக்கதை மூடி, கொடுத்த வாக்கை எழுதிவைத்துக் காப்பீராக.