கைப்பற்றிய நஞ்சும் காக்கும் கைகளும்

களவு வழக்கில் பொருளைப் பறிகொடுத்தவர் ஒருவர் இருப்பார். அடிதடி வழக்கில் காயம்பட்டவர் இருப்பார். அவர்கள் காவல் நிலையத்தின் படியேறி முறையிடுவார்கள். அங்கே செவிசாய்ப்பார் இல்லையெனில் மேலதிகாரியையோ நீதிமன்றத்தையோ நாடுவார்கள். போதைப்பொருள் வணிகத்திலோ விற்பவனும் முறையிடுவதில்லை, வாங்குபவனும் முறையிடுவதில்லை. எனவே யார் பிடிபட்டார், எவ்வளவு பிடிபட்டது, அதில் எவ்வளவு கணக்கில் ஏறியது என்பவற்றிற்கெல்லாம் பிடித்த அதிகாரியின் சொல்லே முதற்சான்றாக நிற்கிறது. காவல்துறையில் ஊழல் புகுவதற்கு இதனினும் அகன்ற வாயில் வேறில்லை என்பது நம் கருத்து. இதனை முதலில் நியூயார்க் நகரின் வரலாற்றிலும், பின்னர் நம் நாட்டுச் சட்டத்திலும் வைத்துக் காண்போம்.

நியூயார்க் காவல்துறையில் 1959ஆம் ஆண்டு சேர்ந்தவர் ஃபிராங்க் செர்பிகோ. சீருடையின்றிப் பணியாற்றும் பிரிவில் இருந்தபோது, உடன் பணியாற்றியோர் சூதாட்டக்காரர்களிடம் மாதந்தோறும் பணம் பெற்றுப் பங்கிட்டுக் கொள்வதைக் கண்டார். தாம் வாங்க மறுத்ததோடு நில்லாமல் மேலதிகாரிகளிடமும் எடுத்துரைத்தார். டேவிட் டர்க் என்னும் மற்றொரு காவலர் அவருக்குத் துணை நின்றார். மேயர் அலுவலகம் வரை சென்றும் பயன் விளையவில்லை. இறுதியில் 1970 ஏப்ரல் 25ஆம் நாள் 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் முதற்பக்கத்தில் செய்தி வெளிவந்தது. அதன் பின்னரே மேயர் ஜான் லிண்ட்சே, விட்மன் நாப் என்பவர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார். 1971 பிப்ரவரி 3 அன்று புரூக்ளின் பகுதியில் போதைப்பொருள் சோதனைக்குச் சென்ற செர்பிகோ முகத்தில் சுடப்பட்டார். உயிர் பிழைத்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் நாப் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்.

நாப் குழுவின் இறுதி அறிக்கை 1972இல் வெளிவந்தது. ஊழல் செய்யும் காவலரை அது இரு வகைப்படுத்தியது. தாமாக வந்து சேரும் சிறு தொகைகளை ஏற்போரைப் 'புல் மேய்வோர்' என்றும், அதிகாரத்தைக் கருவியாக்கி வேட்டையாடிப் பெறுவோரை 'ஊன் உண்போர்' என்றும் அது அழைத்தது. இவ்விருவரில் புல் மேய்வோரே சிக்கலின் உள்ளிடம் என்று குழு கருதியது. ஏனெனில் அவர்களே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். அவர்களின் மிகுதியே ஊழலுக்கு ஒரு மதிப்பைத் தந்துவிடுகிறது. ஒரு கூடையில் சில பழங்கள் மட்டுமே அழுகியவை என்று துறையினர் வழக்கமாகக் கூறிவந்த விளக்கத்தையும் குழு ஏற்கவில்லை.

முன்னர் சூதாட்டப் பணத்தை வாங்கிய காவலர்களிற் பலர் போதைப்பொருள் பணத்தை மட்டும் அழுக்குப் பணமென்று தொடாதிருந்தனர். இந்த வேறுபாடு நாளடைவில் தேய்ந்து மறைந்தது என்கிறது அறிக்கை. கைதின்போது கிடைத்த பணத்தையும் பொருளையும் கணக்கில் காட்டாமல் வைத்துக்கொள்வது, குற்றமற்றவன் பையில் பொருளை இட்டுப் பிடிப்பது, சிறிதளவே வைத்திருந்தவன் மீது கூடுதல் அளவைச் சேர்த்து வழக்கைப் பெரிதாக்குவது ஆகியன வழக்கமாயின. இறுதியிற் சொன்ன செயலை மனத்தில் இருத்துக. நம் நாட்டுச் சட்டத்தை ஆராயுமிடத்து அது மீண்டும் தேவைப்படும்.

அறிக்கை வெளிவந்த அதே 1972 டிசம்பரில் மற்றொரு செய்தி நகரை அதிரச் செய்தது. 1962இல் 'பிரெஞ்சு கனெக்ஷன்' என்னும் புகழ்பெற்ற வழக்கில் கைப்பற்றப்பட்ட ஹெராயின், காவல்துறையின் சொத்து வைப்பறையில் பாதுகாப்பாக உள்ளது என்று அனைவரும் நம்பியிருந்தனர். பைகளைப் பூச்சிகள் அரிப்பதைக் கண்டு ஆராய்ந்தபோது உள்ளே இருந்தது மாவு! 57 பவுண்டு ஹெராயின் வெளியேறிவிட்டது. அவ்வழக்கைக் கதையாகக் கொண்ட திரைப்படம் அவ்வாண்டு ஏப்ரலில்தான் ஆஸ்கர் பரிசு பெற்றிருந்தது. திரையில் வீரம் கண்டு மக்கள் கைதட்டினர். பிடித்த பொருளோ எவ்வழியில் தடுக்கப்பட்டதோ அவ்வழியிலேயே மீண்டும் தெருவுக்குப் போயிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. தண்டனையை அளவைப் பொறுத்து வகுப்பது இச்சட்டத்தின் இயல்பு. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவானால் சிற்றளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. ஹெராயினுக்கோ இவ்வெல்லைகள் 5 கிராமும் 250 கிராமும் ஆகும். சிற்றளவுக்கு ஓராண்டு வரை சிறை. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு கடுங்காவல். வணிக அளவென்றால் ஜாமீன் கிடைப்பதும் அரிது. ஒரு தராசுத் தட்டில் கூடுதலாக விழும் சில கிராம்கள் ஓர் இளைஞனின் வாழ்நாளில் பத்தாண்டுகளை விழுங்கும். குறைத்துக் காட்டப்படும் சில கிராம்கள் பெரும் வணிகன் ஒருவனை மாலைக்குள் வீடு சேர்க்கும். தராசைப் பிடித்திருப்பவரின் கைக்கு இவ்வளவு விலை உண்டு.

சட்டம் இயற்றியோர் இதை அறியாதவர் அல்லர். கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து மேலதிகாரிக்கு அனுப்புதல், சோதிக்கப்படுபவர் விரும்பினால் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன் அழைத்துச் செல்லுதல், 48 மணி நேரத்திற்குள் கைப்பற்றல் பற்றிய அறிக்கை தருதல் எனப் பல கட்டுகளை இட்டனர். தண்டனை எத்துணைக் கடுமையோ அத்துணை எச்சரிக்கையோடு இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என 1999இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, பல்தேவ் சிங் வழக்கில் வலியுறுத்தியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில், இச்சட்டத்தின் கீழ் அதிகாரிகளிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என 2020 அக்டோபர் 29 அன்று தீர்ப்பாயிற்று. எனினும் பிடித்த அதிகாரியே புலனாய்வும் செய்தால் வழக்கு செல்லாது என்ற 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு, 2020 ஆகஸ்டில் ஐவர் அமர்வால் மாற்றப்பட்டது. பின்னைய தீர்ப்பே இன்று சட்டம். ஆயினும் முன்னைய தீர்ப்பில் இருந்த ஐயம் நியாயமான ஐயம் என்றே நாம் எண்ணுகிறோம்.

மொழி பயில்வோர்க்கு இவ்விடத்து ஒரு செய்தி. கைப்பற்றல் பட்டியலாகிய 'மகஜர்', பிணையாகிய 'ஜாமீன்', வழக்கமான கையூட்டாகிய 'மாமூல்' ஆகிய மூன்றும் அரபு மூலத்தனவே. 'மாமூல்' என்பதற்கு அம்மொழியில் வழக்கமாகச் செய்யப்படுவது என்பதே பொருள். கையூட்டுக்குப் பெயர் வைத்த மக்கள், அதன் இயல்பை நாப் குழுவுக்கு நெடுங்காலம் முன்பே கண்டுகொண்டிருந்தனர் போலும்.

கைப்பற்றிய பொருளின் காவல் பற்றியது 52-அ பிரிவு. நடுவர் முன்னிலையில் பட்டியலும் ஒளிப்படமும் மாதிரியும் எடுத்து, எஞ்சியதை அழித்துவிட அது வழி செய்கிறது. ஆனால் நடைமுறையில் பொருள் ஆண்டுக்கணக்கில் காவல் நிலைய மூலைகளில் கிடந்தது. 2016 ஜனவரியில் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டு கவலையுற்று, இரட்டைப் பூட்டுடன் கூடிய தனிச் சேமிப்பகங்களை ஆறு மாதங்களுக்குள் அமைக்குமாறு ஆணையிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், உத்தரப்பிரதேச மாநிலம் மதுராவில் இரு காவல் நிலையங்களில் வைத்திருந்த 581 கிலோ கஞ்சாவை எலிகள் தின்றுவிட்டன என்று நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது! அவ்வாண்டு டிசம்பரில் கைப்பற்றல், சேமிப்பு, மாதிரியெடுத்தல், அழித்தல் ஆகியவற்றிற்கு நடுவண் அரசு புதிய விதிகளை வெளியிட்டது.

குற்றத்திற்கு உடந்தையாகும் அதிகாரிக்கு 59ஆம் பிரிவு 10 முதல் 20 ஆண்டு கடுங்காவல் விதிக்கிறது. கடுமையில் குறைவில்லை. ஆனால் அரசின் முன்னனுமதி பெற்ற எழுத்து முறையீடு இன்றி எந்த நீதிமன்றமும் அக்குற்றத்தை விசாரணைக்கு எடுக்க இயலாது என்று அதே பிரிவு கூறுகிறது. நியூயார்க் நகரம் 1972இல் வேறு வழியைத் தேர்ந்தது. காவல்துறையையும் உள்ளூர் அரசு வழக்கறிஞர்களையும் சாராத தனி வழக்குத் தொடுநர் ஒருவரை ஆளுநர் நெல்சன் ராக்பெல்லர் அமர்த்தினார். அவ்வலுவலகம் 1990இல் மூடப்பட்டது. 1992 மே மாதம் மைக்கேல் டௌட் என்னும் நியூயார்க் காவலர் போதைப்பொருள் வணிகத்திற்காகக் கைதானார். அவரைப் பிடித்தது அவருடைய துறையன்று. சஃபோக் மாவட்டத்தின் காவல்துறை. அடுத்து அமைந்த மொல்லன் குழு 1994இல் தந்த அறிக்கை, காவலர் சிலர் வணிகரிடம் பணம் வாங்கும் நிலையைக் கடந்து, தாமே கொள்ளையரும் வணிகருமாகிவிட்டனர் என்று பதிவு செய்தது.