சுவரில் ஓடும் ஃப்ரீடா: டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: மெக்சிகோ ஓவியர்கள் ஃப்ரீடா காலோ, டியேகோ ரிவேரா பற்றிய ஒளிக்காட்சிக்குத் தோழி கூப்பிடுகிறாள். சுவர், தரை எங்கும் ப்ரொஜெக்டரில் படம் ஓடுமாம். அசல் ஓவியம் ஒன்றுகூட இருக்காதாம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். மகளுக்கு 7 வயது. கொடுக்கிற காசுக்குத் தகுமா?
- வாசகி, டூங்காபி, சிட்னி

பதில்: போகலாம். ஆனால் ஓவியம் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடு போகாதீர்கள். 2023 ஜனவரியில் சிட்னி விழாவையொட்டி பாரங்காருவில் வந்த ஃப்ரீடா காட்சியும் இந்த ரகம்தான். அசல் எதுவும் வரவில்லை. அவர் வாழ்க்கையை ஒளியிலும் ஹோலோகிராமிலும் சொன்னார்கள். அசல்கள் சுலபத்தில் கிடைக்கவும் கிடைக்காது. 1984இலேயே மெக்சிகோ அரசு ஃப்ரீடாவின் படைப்புகளை நாட்டின் கலைச்சின்னமாக அறிவித்துவிட்டது.

யாருடைய படம் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1932இல் இருவரும் டெட்ராய்டில் இருந்தார்கள். ரிவேரா அங்குள்ள கலைக்கூடச் சுவர்களில் கார் தொழிற்சாலையை 27 பகுதிகளாக வரையத் தொடங்கினார். கரு கலைந்து மருத்துவமனையில் கிடந்த ஃப்ரீடா, அதே ஆண்டு அந்த வேதனையை ஓர் உலோகத் தகட்டில் வரைந்தார். உயரம் 30.5 செ.மீ., அகலம் 38 செ.மீ., அவ்வளவுதான். கட்டிலில் ரத்தம், கையில் பிடித்த சிவப்பு நாடாக்களின் நுனியில் சிசு, நத்தை, இடுப்பெலும்பு என்று ஆறு பொருள்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டிய படம் அது. அதை மூன்று ஆள் உயரத்துக்கு ஊதி, பின்னணியில் வயலினும் வைத்தால், அந்தரங்கக் கடிதத்தை ஒலிபெருக்கியில் படித்தது போலாகிவிடும்.

ரிவேராவுக்கு அந்தச் சங்கடம் இல்லை. சுவருக்கென்றே வரைந்த மனிதர். அவர் காலத்து இன்னொரு மெக்சிகோக்காரர் சிகேய்ரோஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1971இல் மெக்சிகோ நகரில் திறக்கப்பட்ட அரங்கில் சுவரையும் கூரையையும் ஓவியத்தால் நிரப்பி, பார்வையாளர் நிற்கும் தரையையே சுழலவிட்டார், ஒளி ஒலியோடு! ப்ரொஜெக்டர்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டென்றால் நடுவில் நிற்கவிடாதீர்கள்; சுவரோரம் உட்காரவையுங்கள், தரையில் படம் நகரும்போது கண்ணை மூடிக்கொள்ளட்டும். மகளுக்கு டெட்ராய்டு படம் இப்போது வேண்டாம். 1943இல் ஃப்ரீடா குரங்குகளோடு தன்னை வரைந்த படத்தை முதல் நாளே வீட்டில் காட்டி, எத்தனை குரங்கு என்று எண்ணச் சொல்லுங்கள். அதன் அசல் 2016இல் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கே வந்திருந்தது.

2025இல் மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் உள்ள பெண்டிகோவுக்கு, ஃப்ரீடா வாழ்ந்த நீல வீட்டிலிருந்து அவருடைய உடைகளும் சொந்தப் பொருள்களும் வந்தன. அப்படி ஒன்று மறுபடி வந்தால் விடுப்பு போட்டாவது போய்விடுங்கள். ஒளிக்காட்சியைத் தவறவிட்டால் பெரிய நஷ்டமில்லை.