அசையாத நட்டை அசைப்பது எப்படி? தண்ணீர் மிசின் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

கரவெட்டிப் பக்கத்தில் மாரி ஓய்ந்து தை பிறந்தால் வெங்காயத் தறைகளுக்கு இறைப்புத் தொடங்கிவிடும். ஐப்பசியிலிருந்து கொட்டில் மூலையில் கிடந்த தண்ணீர் மிசினை அப்போதுதான் வெளியே இழுப்பார்கள். சைலன்சர் நட்டு துருவேறி இறுகியிருக்கும். பம்ப் கேஸிங்கின் போல்ட் அசைய மறுக்கும். பயிர் வாடுகிற அவசரத்தில் கைக்கு அம்பிட்ட ஸ்பனரை மாட்டி ஒரு முறுக்கு முறுக்கினால் நட்டின் ஆறு முனையும் மழுங்கிவிடும். ஓர் இரவு பொறுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை, பட்டறைக்குப் போகும் வேலையாகிவிடும்.

இந்த மண்ணில் நட்டு இறுகுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் பருத்தித்துறைக் கடல், மறு பக்கம் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி, காற்றிலேயே உப்பு. சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் கிணற்றுத் தண்ணீர் மரைக்குள் காரை படிய வைக்கிறது. இரும்பு துருவாகும்போது பருத்து, மரைக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. அலுமினியக் கேஸிங்கில் இரும்பு போல்ட் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகமும் மின்கலம்போல் வேலை செய்து, அலுமினியம் அரித்து வெண்பொடியாகி போல்டைக் கவ்விக்கொள்ளும்.

கழற்றும் வழிகள் பல. அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. ஒரு வழி தோற்றால் அடுத்த வழிக்கு இடம் விட்டுத் தோற்க வேண்டும். அந்த வரிசையில்தான் கீழே தந்திருக்கிறேன்.

தேவையானவை

கம்பித் தூரிகை, ஆறு முனைச் சொக்கெட், றிங் ஸ்பனர், சுத்தியல், தட்டையான அரம், கூரான உளி, வைஸ் கிறிப் குறடு, ஊறவைக்கும் எண்ணெய், சூடுகாட்ட ஒரு காஸ் டோர்ச் அல்லது புளோ லாம்ப். கண்ணுக்குக் கண்ணாடி போட மறக்க வேண்டாம்.

1. அளவையும் திசையையும் உறுதிசெய்தல்

நம் வீட்டுப் பெட்டிகளில் அங்குல ஸ்பனரும் மில்லிமீற்றர் ஸ்பனரும் கலந்தே கிடக்கும். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஓடிய காலத்து ஸ்பனர்கள் அங்குலக் கணக்கு. ஜப்பான் மிசின்கள் மில்லிமீற்றர் கணக்கு. முக்கால் அங்குலம் 19.05 மி.மீ.; 19 நட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் அரை அங்குலம் 12.7 மி.மீ. சிறிய ஹொண்டா எஞ்சின்களின் சைலன்சர் நட்டுக்கு 12 ஸ்பனர் வேண்டும். அதில் அரை அங்குலத்தை மாட்டினால் 0.7 மி.மீ. ஆட்டம் இருக்கும். முனை மழுங்குவதற்கு அது தாராளம். பன்னிரண்டு முனைச் சொக்கெட் முனைகளை மட்டும் பிடிக்கும். ஆறு முனைச் சொக்கெட் பக்கங்களையும் பிடிக்கும். இறுகிய நட்டுக்கு ஆறு முனைதான்.

நட்டை நேரே பார்த்து நின்றால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் கழரும். மிசினுக்குப் பின்னால் கையை விட்டுத் திருப்பும்போது திசை தலைகீழாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுவோம். சைக்கிளின் இடப்பக்கப் பெடல் போன்ற சில இடங்களில் மரையே எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

2. துப்புரவும் ஊறலும்

நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்க்கவும். நட்டு அந்த மரை மேலாகத்தான் வெளியே வரவேண்டும். அங்கே துருவும் பெயின்றும் இருந்தால் பாதி வழியில் மறுபடி இறுகும்.

பிறகு எண்ணெய். கடையில் ஊடுருவும் எண்ணெய் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் தானியங்கி கியர்ப்பெட்டிக்கு விடும் ஏ.டி.எஃப். எண்ணெயையும் அசிற்றோனையும் சரிபாதி கலந்து விடலாம். விடுமுன் குலுக்க வேண்டும், நெருப்புக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. அதுவும் இல்லையென்றால் மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஒயில். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகும். மாலையில் ஒரு தரம், படுக்கைக்குப் போகுமுன் ஒரு தரம், காலையில் ஒரு தரம் விடவும். ஆகவே இறைக்கப் போகும் காலையில் அல்ல, அதற்கு முந்தின நாளே இந்த வேலையில் கைவைக்க வேண்டும்.

3. தட்டுதல்

சொக்கெட்டை மாட்டுமுன் நட்டின் பக்கங்களில் சுற்றிவரத் தட்டவும். ஓங்கி அடிப்பதல்ல, கூர்மையான சிறு தட்டுகள். அதிர்வில் துரு நொறுங்கும். வெடிப்புகளுக்குள் எண்ணெய் இறங்கும். தட்டும்போது மரையோரத்தில் செம்பொடி எண்ணெயோடு கசிந்து வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அலுமினியக் கேஸிங்கில் அடி படக்கூடாது, அது வெடித்துவிடும்.

4. முதலில் கொஞ்சம் இறுக்குதல்

கழற்றுமுன் ஒரு மயிரிழை இறுக்கப் பார்க்கவும். துருப்பிடிப்பு உடைவதற்கு எந்தத் திசை அசைவும் போதும். அசைந்ததும் கால் சுற்று கழற்றி, மீண்டும் பாதி இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றவும்.

கையில் வரும் உணர்வைக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நட்டு இளகும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றும். சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருப்புவதுபோல் ஸ்பனர் மெத்தென்று நகர்ந்தால் நட்டு சுற்றவில்லை, போல்ட் முறுகுகிறது. உடனே நிறுத்தவும். இன்னும் கால் சுற்றில் அது அறுந்து, பாதி உள்ளே தங்கிவிடும்.

5. சூடு

முதலில் பெற்றோலை வடித்து, தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைக்கவும். கொட்டிய எண்ணெயைத் துடைத்து, மிசினை வெளியான இடத்துக்கு எடுக்கவும்.

சைலன்சர் நட்டென்றால் சுடரை நட்டின் மேல் மட்டும் பிடிக்கவும். நட்டு வேகமாகச் சூடாகி விரிய வேண்டும். உள்ளேயிருக்கும் ஸ்டட் அதற்குள் சூடாகக் கூடாது. சூடான நட்டின் ஓரத்தில் மெழுகுதிரியை வைத்தால் உருகிய மெழுகு மரைக்குள் உறிஞ்சப்பட்டு வழுக்கலாகும்.

அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பு போல்டுக்குக் கதை வேறு. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே சுடரைப் போல்டில் பிடிக்காமல் சுற்றியுள்ள கேஸிங்கில் அசைத்து அசைத்துப் பிடிக்கவும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் கொதித்துப் பறந்தால் போதும். அலுமினியம் சிவந்து எச்சரிக்கை தராது. 660 பாகை செல்சியஸுக்குள்ளேயே திடீரென்று உருகி விழும்.

6. முனை மழுங்கிய நட்டு

பெரிய குறடைத் தேடுமுன் அரத்தை எடுக்கவும். எதிரெதிரான இரண்டு பக்கங்களைத் தட்டையாக அராவினால் அடுத்த சிறிய அளவு ஸ்பனர் பிடிக்கும். இல்லையேல் சற்றே சிறிய ஆறு முனைச் சொக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாம். முதலாம் படியில் ஒதுக்கிவைத்த அங்குலச் சொக்கெட்டுகள் இங்கே கைகொடுக்கும்: மழுங்கிய 12 நட்டுக்கு 11.1 மி.மீ. வரும் ஏழு பதினாறு அங்குலத்தை முயன்று பார்க்கலாம். அடித்து ஏற்றுவதே நட்டை அதிரவைத்துப் பாதி வேலையை முடித்துவிடும்.

வைஸ் கிறிப்பை இறுக்கிப் பூட்டிவிட்டுத் திருப்பவும். ஒரு தரம் வழுக்கினால் மறுபடி முயல வேண்டாம்; வழுக்கும் ஒவ்வொரு தரமும் நட்டு இன்னும் உருண்டையாகும்.

7. ஒட்டுக்காரரிடம் போதல்

உருண்டுபோன நட்டின் மேல் பெரிய நட்டொன்றை வெல்டிங் செய்து ஒட்டலாம். புதிய நட்டு நல்ல பிடியைத் தரும். வெல்டிங் சூடு துருவையும் உடைக்கும். அறுந்த போல்டின் முனை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் இந்த வழி சரிவரும். கழற்ற வேண்டிய நட்டுக்கு அருகிலேயே ஏர்த் கிளிப்பை மாட்டச் சொல்லவும். எங்கோ சட்டத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே ஓடி அதைப் பழுதாக்கலாம்.

8. பிளத்தல்

கடைசி வழி நட்டைப் பலிகொடுப்பது. நட்டின் ஒரு பக்கத்தை வாளாலோ கிரைண்டராலோ போல்டின் நீளவாக்கில் அறுக்கவும். மரைக்கு ஒரு நூலளவு முன்பே நிறுத்தி, வெட்டில் உளியை வைத்து ஒரே அடி. நட்டு பிளந்து இளகும், மரை தப்பும்.

இம்பெல்லர் இறுகினால்

எஞ்சின் தண்டிலேயே இம்பெல்லரைத் திருகி மாட்டும் இரண்டு அங்குலப் பம்புகளில், ஓட ஓட அது தானாகவே இறுகிக்கொள்ளும்படி மரை வெட்டியிருப்பார்கள். தண்டு எந்தப் பக்கம் சுற்றி ஓடுகிறதோ அதே பக்கம் திருப்பினால் இம்பெல்லர் கழரும். ஆனால் தண்டும் சேர்ந்து சுற்றுமே?

பிளக்கைக் கழற்றி ஓட்டையில் பெருவிரலை வைக்கவும். எஞ்சினை மெல்லச் சுற்றும்போது காற்று விரலைத் தள்ளினால் பிஸ்ரன் மேலேறுகிறது, இரண்டு வால்வும் மூடியிருக்கின்றன. பிஸ்ரன் உச்சிக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கும்போது நிறுத்தி, மெல்லிய பருத்திக் கயிற்றை ஓட்டைக்குள் திணிக்கவும். ஒரு நுனி வெளியே தொங்கட்டும். பிஸ்ரன் கயிற்றில் மோதி நிற்க, தண்டும் நிற்கும். இப்போது இம்பெல்லர் இதழின் அடிப்பக்கத்தில் மரக்கட்டையை வைத்து, கழரும் திசையில் தட்டவும். இரும்பால் தட்டினால் இதழ் உடையும். பின்னாலிருக்கும் சீலின் பீங்கான் வளையம் கைதவறி விழுந்தாலே உடையும். அதை ஒரு துணியில் பொதிந்து வைக்கவும்.

மீண்டும் பூட்டும்போது

மரையைத் துப்புரவாக்கி, நட்டு விரலாலேயே கடைசிவரை ஓடுகிறதா என்று பார்க்கவும். அலுமினியத்துக்குள் போகும் போல்டுக்கு நல்ல கிறீஸ் பூசவும். சைலன்சரில் சாதாரணக் கிறீஸ் கருகிவிடும். அங்கே கொப்பர் கிறீஸ் வேண்டும், அல்லது பித்தளை நட்டுப் போடலாம். பழைய பிரித்தானியக் கார்களில் அந்த இடத்துக்குப் பித்தளை நட்டுப் போட்டது இதற்காகத்தான். பித்தளை இரும்போடு துருப்பிடித்து ஒட்டாது.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது குடாநாட்டில் ஒரு நட்டுக்கூட எளிதில் கிடைக்கவில்லை. வளைந்த போல்டையும் நிமிர்த்திப் பேணியில் போட்டுவைத்தார்கள். இன்றைக்கு நெல்லியடியில் புது நட்டு வாங்கலாம். ஆகவே நட்டைக் காப்பாற்றப் பார்த்து ஸ்டட்டையோ கேஸிங்கையோ உடைக்க வேண்டாம். மாரி தொடங்குமுன், மிசினைக் கொட்டிலுக்குள் வைக்கிற அன்றே எல்லா நட்டையும் ஒரு தரம் இளக்கி, கிறீஸ் பூசி இறுக்கிவிட்டால், தை மாதத்தில் இந்தக் கட்டுரைக்கே வேலை இராது.