கடன் மனுவும் பாங்கின் கணக்கும்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆடிப்பட்டம் நெருங்கியதும் மணிலா விதைக்கும் உழவுக் கூலிக்கும் பணம் தேடுவது வழக்கம். ஒரே வாரத்தில் நான்கைந்து பாங்குகளுக்கு மனு அனுப்பிவிட்டு, ஏதேனும் ஒன்று கொடுக்காதா என்று காத்திருப்போரும் உளர். கைப்பேசி வந்தபின் இது மிகவும் எளிதாகிவிட்டது. ஆயினும் இவ்வாறு செய்தவருக்கே பெரும்பாலும் கடன் மறுக்கப்படுகிறது. காரணம் என்ன?

முன்பு ஊரில் எவர் எவரிடம் கடன்பட்டிருக்கிறார் என்பதை லேவாதேவிக்காரர் அறிந்திருந்தார். இன்று அவ்விவரத்தை, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் தகவல் நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. சிபில் அவற்றுள் ஒன்று. வாங்கிய கடனும் தவறிய தவணையும் மட்டுமன்றி, கடன் கேட்டதும் அங்கே பதிவாகும். விவசாயக் கடனாயினும் கடைவீதிச் செலவுக்கான கடன் அட்டையாயினும், மனு வந்தவுடன் பாங்கு அவ்வறிக்கையை வரவழைக்கிறது. அந்த விசாரணையின் நாளும் தொகையும் அதில் ஏறிவிடுகின்றன.

ரூ. 50,000 வேண்டி ஒருவர் ஐந்து இடங்களில் மனுச் செய்ததாகக் கொள்வோம். ஐந்தாம் பாங்கின் அதிகாரி முந்திய நான்கு விசாரணைகளைக் காண்கிறார். நால்வரும் மறுத்தனரா, அன்றி நால்வருமே கொடுத்துவிட்டனரா? புதுக் கடன் அறிக்கையில் ஏறச் சில நாட்கள் ஆகுமாதலால் அவருக்குத் தெரிய வழியில்லை. எல்லோரும் கொடுத்தால் கடன் ரூ. 2,50,000 ஆகிவிடும். ஆகவே மறுத்துவிடுகிறார். 300 முதல் 900 வரையுள்ள மதிப்பெண்ணும் விசாரணைதோறும் சிறிது குறையக்கூடும். அதிகாரியின் அச்சம் நியாயமானதே; எனினும் அறியாமல் மனுச் செய்த நேர்மையாளருக்கு விதைக்கும் பருவம் தவறிப்போகிறது.

வட்டி விகிதத்தையும் வேண்டிய பத்திரங்களையும் நேரில் கேட்டறிவதால் எப்பதிவும் ஏறாது. ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆண்டுக்கொருமுறை தம் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பிழையிருந்து முறையிட்டால் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 100 ஈடு உண்டு. கடன் அட்டை மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிப்பதும் பாங்கின் கடமையாகும்.

நிலமுடையோர் 1998-இல் தொடங்கப்பெற்ற உழவர் கடன் அட்டையைக் கருதுவது நலம். அதில் ஒருமுறை வரம்பு நிர்ணயமாகிவிட்டால், கணக்கை ஒழுங்காக நடத்தும் வரை பருவந்தோறும் புதிய மனு வேண்டியதில்லை. சிட்டா, அடங்கல் நகல்களுடன் ஆனி மாதத்திற்கு முன்பே ஒரே ஒரு பாங்கையோ கூட்டுறவுக் கடன் சங்கத்தையோ அணுகுக.