செப்டிக் டேங்கும் கடை நடத்துபவரின் பொறுப்பும்

பாதாளச் சாக்கடை இணைப்பு வராத தாம்பரம் புறநகர்த் தெருக்களில் ஓட்டல், லாட்ஜ், கல்யாண மண்டபம் என எல்லாமே செப்டிக் டேங்கை நம்பித்தான் நடக்கின்றன. உரிய பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடும் இல்லாமல் அதில் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி குற்றம். நேரடியாக அமர்த்தினாலும் இடையில் ஒருவரை வைத்து அமர்த்தினாலும் பொறுப்பு போகாது. ‘கழிவுநீர் லாரிக்காரரிடம் பேசியாச்சு’ என்ற சமாதானம் வழக்கில் நிற்காது. முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம். சாக்கடைக் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அதற்கு முன் 10 லட்சம்.

இறங்குபவர் எப்போதும் லாரியோடு வந்தவராக இருப்பதில்லை. அடைப்பெடுக்க அவசரத்தில் அனுப்பப்படும் கிளீனர், வாட்ச்மேன், பாத்திரம் கழுவுபவர் ஆகியோரைத்தான் முதலாளி முதலில் தடுக்க வேண்டும்.

டேங்கில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்பது அதனால்தான் ஆளைக் கொல்கிற கணிப்பு. காற்றைவிடக் கனமான வாயு என்பதால், மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் அது வெளியேறிவிடாது. லாரி உறிஞ்சி முடித்தபின் அடிச்சேற்றைக் கிளறும்போது மேலும் வாயு கிளம்பும். துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. மெழுகுவத்தி இறக்கிப் பார்க்கும் பழக்கமோ இன்னும் மோசம்: மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும்.

ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்குபவரும் அடுத்தடுத்து விழுவது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. யாரும் இறங்காமல் தீயணைப்புத் துறையை 101-இல் அழைக்க வேண்டும் என்பதை எல்லா ஊழியருக்கும் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

ஓட்டல்களில் அடைப்புக்கு முக்கியக் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. சமையலறைக் கழிவுநீர் வெளியேறும் இடத்தில் கொழுப்புப் பிடிப்பான் வைத்து அடிக்கடி வழித்தெடுத்தால் பாதித் தொல்லை தீரும். டேங்கை ஐப்பசி மழைக்கு முன்பே காலி செய்ய வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான பகுதிகளில் மழை பிடித்தபின் நிலத்தடி நீர் ஏறி டேங்க் தானே நிரம்பும். லாரியும் சுலபத்தில் உள்ளே வராது. உள்ளாட்சி உரிமம் உள்ள லாரியை மட்டும் அழைத்து, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகக் கட்டுவோர் மூடியைத் தெருவிலிருந்து குழாய் எட்டும் இடத்தில் அமைப்பது அவசியம். சமையலறைக்கு அடியிலோ படிக்கட்டுக்குக் கீழோ டேங்க் இருந்தால் குழாய் எட்டாது. ஆளை இறக்கும் யோசனை அங்கேதான் தொடங்குகிறது.